மொட்டையா, பூமுடியா

போடிநாயக்கனூர்,
8-12-86

அன்பு மகள் பொன்னுமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், பம்பாயில் நீ அதைவிட நல்லபடியாக இருக்க வேண்டும். முதல் வரியில் அடித்திருப்பது, ஆம்பளப் பிள்ளையாக உன்னைக் கூப்பிட்ட ‘அப்பு’ என்ற சொல். இருபத்தாறு வருசப் பழக்கத்தில் கை எழுதிவிட்டது ஆத்தா, பார்க்காதது போல விட்டுவிடு. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று செய்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முகத்தைப் பெண்முகமாக மாற்ற ஆபரேசன் செய்யப் போகிறேன் என்று ஐப்பசியில் எழுதினாய் அல்லவா, படித்த பயத்தில் குலசாமி கோயிலுக்கு ஓடி, நல்லபடியாக முடிந்தால் உன் தலைக்கு மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துவிட்டேன். இப்போது வந்த கடிதத்திலோ, முடியை ஒரு விரல்கடைகூட வெட்டக்கூடாது, தழும்பை அதுதான் மறைக்கும் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். சாமி முடியைக் கேட்கிறது, டாக்டர் முடியை வைக்கச் சொல்கிறார், நடுவில் நான் முழிக்கிறேன்.

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி மூன்று நாள் படித்தேன், ஒருவரிடமும் கொடுக்கவில்லை. காதுக்குக் காது கீறி, நெற்றித்தோலை இறக்கி, புருவ எலும்பை இழைப்பார்களாம். மரத்தை இழைத்துப் பார்த்திருக்கிறேன், இது எனக்குப் பிடிபடவே இல்லை. தாடையைக் குறைப்பது மட்டும் புரிகிறது, அது உங்கப்பா தாடை. அவர் வாயையும் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அந்த டாக்டரிடம் கேட்டு வை. ஏலக்காய் ஆய்கிற இடத்தில் கை பாட்டுக்கு ஆய்கிறது, மனசு மட்டும் பெண்முகம் என்றால் எந்தப் பெண்ணின் முகம், என் சாயல் ஒட்டிக்கொண்டிருக்குமா என்று சுற்றிச் சுற்றி வருகிறது. வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சாப்பாட்டுக் கடையில் சுவரைப் பார்த்தே உட்காருகிறேன் என்று நீ எழுதியிருந்த வரி வந்ததும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உங்கப்பாவையும் கூட்டிக்கொண்டு பூசாரி சீனிச்சாமியிடம் போனேன். வேண்டுதலை மாற்றலாமா என்று கேட்டால், அவர் “யாருக்கு நேர்ந்த ஆத்தா? ஆம்பளப் பிள்ளைன்னா முழு மொட்டை. பொம்பளப் பிள்ளைன்னா பூமுடி, மூணு கத்திரி வெட்டுனாப் போதும்” என்றார். உனக்கு முதல் மொட்டை போட்ட அன்று திருநீறு பூசினவரே அவர்தான். நான் உங்கப்பாவைப் பார்த்தேன், அவர் மரத்தைப் பார்த்தார். “மகளுக்கு” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “ஒனக்கு ஒத்தப் பிள்ளைதான?” என்றார் பூசாரி. “அதே பிள்ளைதாண்ணே” என்றேன். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, “சாமிக்குத் தெரியுமா?” என்றார். “நம்மளுக்கு முன்னாடியே தெரியும்ணே” என்றேன். “அப்பப் பூமுடிதான். ஒடம்பு தேறவும் கூட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டார். உன் பேச்சை எடுத்தாலே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற உங்கப்பா, திரும்பி வரும்போது தானாகச் சொன்னார், “சாமிகிட்ட மொட்டைன்னு சொன்னது சொன்னதுதான். பூமுடிய அவ குடுக்கட்டும், மொட்டைய நான் போட்டுக்கிறேன்” என்று. ‘அவ’ என்றார் ஆத்தா. நான் காதில் விழாதது போல நடந்தேன், திரும்பக் கேட்டால் மாற்றிவிடுவார்.

தை எட்டாம் தேதி ஆபரேசன் என்றால் நாங்கள் ஆறாம் தேதியே அங்கே இருப்போம். ஆஸ்பத்திரித் தாளில் வீட்டு ஆள் கையெழுத்து வேண்டும் என்றாய், நானே போடுகிறேன், எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரம் எதையும் கடிக்கக்கூடாதாமே, கேப்பை மாவு திரித்துக் கொண்டுவருகிறேன். கட்டுப் போட்ட முகமெல்லாம் ஒன்று போல இருக்கும், என்னைக் கண்டதும் கையைத் தூக்கு, கட்டில் மாறி அழுதுவிடப் போகிறேன். பொன்னுமணி என்ற பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிறது, அது ஒன்றில்தான் எனக்குக் குழப்பமில்லை. குலசாமி உன் தலைமாட்டில் நிற்கட்டும், எந்த முகமானாலும் அதில் சிரிப்பு இருக்கட்டும். ஆபரேசன் அன்றைக்கு வெறும் வயிறு என்பதை மறந்து, டீயைக் குடித்துவிட்டு டாக்டரிடம் பொய் சொல்லாதே.

இப்படிக்கு, முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
ரா. அன்னக்கொடி

கடிதத்தை ஒட்டுமுன் ஒரு சேதி. ஆபரேசன் முடியட்டும் என்று சொல்லியும் கேட்காமல், இன்று காலையே உங்கப்பா மொட்டை போட்டுக்கொண்டார். மீசையையும் எடுக்கவா என்று முடிவெட்டும் பால்சாமி கத்தியை மீசையில் வைத்துக்கொண்டே கேட்டார். உங்கப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார். இடது பக்கம் போய்விட்டது. வலது பக்கத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.