முழுக் கட்டணம் கட்டியவர்

ஜூன் 3
சேர்க்கைப் பிரிவு சந்தைக்கடையாகிவிட்டது. தாளாளர் போன மாதம் கல்லூரிக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கினார். கேட்பவர்களுக்கு 'திறமை உதவித்தொகை' என்று பாதியைக் குறைக்கிறோம். திறமை என்றால் பேரம் பேசும் திறமை. "பக்கத்து காலேஜ்ல நாப்பது பர்சென்ட் தர்றாங்களே" என்றார் கார் ஷோரூம் முதலாளி. ஐம்பது கொடுத்தேன். பையனின் மார்க்கை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 4
தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 11
கணக்காளர் ஓடி வந்தார். "மேடம், ஒருத்தர் முழுசா கட்டிட்டார்! வாயே திறக்கல!" எல்லோரும் கைதட்டினோம். யார் அந்தப் புண்ணியவான் என்று அவர் கையிலிருந்த ரசீதை எட்டிப் பார்த்தேன்.
என் அண்ணன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆன்லைனில் கட்டியிருக்கிறார். நானும் கைதட்டினேனே!

ஜூன் 12
அண்ணன் வீட்டு வாசலில் சரக்கு வண்டி இல்லை. மகள் படிப்புக்காக விற்றாயிற்றாம்.
"எங்கிட்ட ஏண்ணே சொல்லல?"
"உன் வேலைக்குச் சங்கடம் வரக் கூடாதுல்ல. எல்லாரும் கட்டறதுதானே நாமளும் கட்டறோம்?"
எல்லாரும்! பாதிதான் கட்டுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? வண்டிய வித்துட்டியே அண்ணே...

ஜூன் 13
அண்ணனுக்கும் குறைக்கச் சொல்லித் தாளாளரிடம் நின்றேன்.
"கட்டி முடிச்சவருக்கு எதுக்கும்மா உதவி?"
சிரிக்காமல் கேட்டார்.

ஜூன் 20
போனில் வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன்: "கேளுங்க. விடாம கேளுங்க, குறைப்பாங்க." ஒரு தையல்காரம்மா தயங்கினார். "தப்பா நினைக்க மாட்டாங்களா?"
"கார்ல வர்றவங்கதான்மா முதல்ல கேக்கறாங்க."

ஆகஸ்ட் 2
வகுப்புகள் நிரம்பி வழிகின்றன, கல்லாதான் நிரம்பவில்லை. "எல்லாப் பெத்தவங்களும் சொல்லிக் குடுத்த மாதிரியே பேசறாங்க மேடம்" என்று கணக்காளர் புலம்பினார்.
"காலம் அப்படி சார்" என்றேன்.

மார்ச் 9
கைகூப்பிய தாளாளர் படத்தோடு விளம்பரம். ஏழை மாணவர் நலன் கருதி வரும் ஆண்டு முதல் கட்டணம் பாதியாம், எல்லோருக்கும் ஒரே கட்டணமாம். அதாவது, என் அண்ணனைத் தவிர எல்லோரும் இப்போதே கட்டுவது. அண்ணன் கட்டியது கட்டியதுதான்.
சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.
"தங்கமான மனுஷன்மா உங்க தாளாளர்."
"ஆமாண்ணே" என்றேன்.