தெற்குச் சுவருக்கு ஈரச்சாக்கு

அப்பாவுக்கு,

திங்கட்கிழமை எங்கள் கல்லூரியின் பழைய நூலகத்தை இடிக்க வருவது உங்கள் ஜேசிபிதான் என்று அம்மா சொன்னாள். நீங்கள் சொல்லவில்லை. பரவாயில்லை.

"தொட்டா விழும் மக்கா, பழைய கெட்டிடம் இல்லியா" என்று போனில் சிரித்தீர்கள். விழுந்தது கட்டிடம் இல்லை, நாங்கள் பூசிய பூச்சு. போன வருடம் மாணவர்கள் பதினேழு பேர் சேர்ந்து தெற்குப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரின் உட்புறம் சிமெண்ட் பூசினோம். மழையில் சுவருக்குள் ஈரம் தங்கி, அது பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கட்டிடத்தைச் சோதிக்க வந்த இன்ஜினியர் அந்த இடத்தை மட்டும் குத்திப் பார்த்து, சுவர் உறுதியில்லை என்று எழுதிவிட்டார்.

"சுவருக்க குற்றம் இல்ல, நம்ம குற்றமாக்கும்" என்றாள் என் வகுப்புத் தோழி ஆதிரா. பதினேழு பேரும் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். மறுபடி வந்து குத்திப் பார்க்கச் சொன்னோம். அவர் வரவில்லை.

புதுப் பூச்சு வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போட்டுக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். திங்களன்றும் நனைப்போம். நூலகக் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு.

உங்களை வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். கோட்டுகால் வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவிடம் எனக்கும் வாழையிலையில் ஒரு பொதிச்சோறு கட்டச் சொல்லுங்கள். அதை ஜன்னல் வழியாக என் கையில் தந்துவிட்டு, அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள்.

உங்கள் மூத்த மகள்