தண்டுக்கீரையும் ஹரிதாவும்

புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பிரமிளா, தூங்கிக்கொண்டிருந்த கணவன் மோகன்ராஜுக்குச் சீட்டு எழுதினாள்.

"குழைஞ்ச சோறும் மோரும் மூடி வெச்சிகீறேன், துன்னுங்க. க்ரோன்ஸ் ஊசி ஃப்ரிட்ஜ்ல கீது. போட்டுக்கறதுக்கு அரை மணி முன்னாடியே வெளிய எடுத்து வைங்க."

எழுதியும் ஆத்திரம் அடங்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பழக்கமான ஹரிதாவுக்கும் அதே க்ரோன்ஸ் குடல் நோய். நேற்று போனில் அவள்தான் பிரமிளாவுக்குச் சொன்னாள்: குடல் சுருங்கிய இடத்தில் கீரைத்தண்டின் நார் சிக்கி, அவன் துடித்துப் போனானாம்.

"சத்துன்னு நான் ஆக்கிப் போட்ட தண்டுக்கீரைய என்னாண்ட மூச்சு விடாம துன்னீங்க. வலிச்சத மட்டும் அவளாண்ட சொன்னீங்களா?"

சீட்டின் அடியில், மிச்சமிருந்த இடுக்கில்:

"இனிமே வலிச்சா தட்டைத் தூக்கி என் மேலயே எறிங்க. எனக்கும் அந்த நோய் வந்திருந்தா என்னாண்ட பேசியிருப்பீங்க, இல்ல?"