மருந்துச் சீட்டும் பஸ் சாவியும்

ஜூலை 7, திங்கள்
காலையில் சாரல். மலை பாதிதான் தெரிந்தது. ராஜபாளையம் – கிருஷ்ணன்கோவில், கல்லூரி பஸ், போக வர இரண்டு நடை. கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் இடுப்பிலிருந்து பாதம் வரை சுள்ளென்று இழுப்பு.

சாயங்காலம் சித்த மருத்துவர். புதுச் சீட்டு. கஞ்சா இலைத் தைலம், படுக்கும்முன் நாக்கில் ஆறு சொட்டு. தூக்கிவாரிப்போட்டது.

"சீட்டு இருக்குல்லா, பயப்படாதீய. ஆனா நீங்க வண்டி ஓட்டுதீய. ராத்திரி மட்டுந்தான்."

"காலைல ஓட்டலாமா சார்?"

"எத்தன மணி நேரம்னு சட்டத்துல இல்ல. வண்டி கைக்கு அடங்காத அளவுக்கு மருந்து ஏறியிருந்தா குத்தம். அம்புட்டுதான்."

அந்த அளவை யார் அளப்பது?

ஜூலை 9, புதன்
தூங்கினேன். ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம் முழுத் தூக்கம். கனவில் பஸ் மேகத்துக்குள் போனது, டயர் சத்தமே இல்லை. விடிந்தால் இடுப்பு இருக்கும் இடமே தெரியவில்லை. சொல்ல வெட்கம், அழுதுவிட்டேன்.

வாங்க வேண்டியது: பல்பொடி, குடை, வீட்டுக்காரி பேச்சிக்கு வளையல்.

இன்னொரு பஸ் டிரைவர் முருகேசனிடம் மட்டும் சொன்னேன். "போலீஸ் ஊதச் சொன்னாலும் மிஷின்ல காட்டாதுண்ணே. கம்முனு ஓட்டுங்க."

ஜூலை 11, வெள்ளி
ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளை ஏற்றினேனாம். நினைவில்லை. ராஜபாளையம் தாண்டி வயலில் ஒரு மயில், அடுத்து கிருஷ்ணன்கோவில். நடுவில் ஆண்டாள் கோபுரம் எங்கே போனது? கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் ஒரு நாளும் தாண்டியதில்லை. ரோடு தானாக வந்து பஸ்ஸுக்கு அடியில் நுழைந்த மாதிரி. சுகமாக இருந்தது. அதுதான் பயம். ஐம்பது பிள்ளைகள்.

இறங்கும்போது ஒரு பெண் சொல்லிவிட்டுப் போனாள்: "இன்னைக்கு மெதுவா வந்தீங்கண்ணே. நல்லா தூங்குனோம்."

பேச்சிக்கு போன் போட்டு மருந்தைப் பற்றிக் கேட்டேன். "நாட்டு மருந்துன்னா விடியக்காலம் வெறும் வயித்துல தேன்ல குழச்சுத்தானங்க குடுக்கணும்? நோவுல மொனகுனீய. சுக்குத் தேன்ல அந்தத் தைலம் ஆறு சொட்டு விட்டேன்." தினமும் அவள் தரும் சுக்குத் தேன். இன்று ருசி கசந்தது, சுக்கு பழசு என்று நினைத்தேன். திட்ட வாய் வரவில்லை. எங்கள் இருவர் வீட்டிலும் அப்படித்தான் வழக்கம்.

பஸ் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முருகேசன் பின்னாலிருந்து சட்டையை இழுத்தான்.

"ஒண்ணும் ஆகலையேய்யா. பொறவு எதுக்குச் சொல்லுதீரு?" என்றார் மேனேஜர்.

"பிள்ளைகள ஏத்துன ஞாபகமே இல்ல சார்."

சாவியை வாங்கிக்கொண்டார். மருந்தை விட்டுவிட்டு வந்தால் திங்கட்கிழமை பஸ் தருவாராம். சீட்டைக் காட்டினேன், கையில் வாங்கவே இல்லை.

ஜூலை 12, சனி
சாரல் விட்டது. மலை முழுசாகத் தெரிகிறது. நேற்று ராத்திரி சொட்டு இல்லை. விடிய விடிய வலி. இருபத்திரண்டு வருஷ ஸ்டீரிங், வேறு தொழில் தெரியாது. மருந்தா பஸ்ஸா, பகலெல்லாம் அதே கணக்கு, ஒன்றும் முடியவில்லை.

விளக்கு வைத்ததும் பேச்சி புட்டியோடு வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"கொட்டிரட்டுமாங்க?"

வேண்டாம் என்றேன். நாக்கை நீட்டினேன்.