மடக்கியபடி எண்ணெயிட்ட கத்திகள்

குன்றவேள நாட்டு மன்னரின் ஆணைப்படி, அமைச்சர் தேவங்குடையார் பாலித்துறைத் தலைவர் கங்காடனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் நீர் வற்றாதிருக்க. தங்கள் ஓடங்கள் போன வழியே திரும்புக. ஆயுதச்சாலைக் காவலன் வெண்காடனைத் தூக்கிலிடலாமா என்று தாங்கள் கேட்டதற்கு இதுவே விடை.

இழுகயிறு சிக்கி ஓடம் கவிழ்ந்தபோது பதினொருவர் இடுப்பிலும் மடக்குக்கத்தி இருந்தது. ஒருவராலும் திறந்து கயிற்றை அறுக்க முடியவில்லை; பதினொருவரும் மூழ்கி மாண்டனர். போரில்லாத நாளில் கூரையின்கீழ் கத்தியைத் திறப்பது ஆகாதென்பது அச்சாலை வழக்கம். எனவே வெண்காடன் இருபது ஆண்டுகளாக மாதந்தோறும், மடக்கியபடியே, பழைய பிசுக்கின்மேல் புது எண்ணெய் பூசிவந்தான். எண்ணெய் அரக்காய் உறைந்து கீல்கள் இறுகின.

மீட்ட கத்திகளைத் துலக்கும்படி அவனையே பணித்தோம். மூன்றாம் கத்தியில், விரலால் நெம்பித் திறக்கும் குழியைச் சுரண்டியவன் கையை நிறுத்தினான். "அழுக்குன்னுதான் குச்சியால நோண்டுனேன் ஐயா. நகமுங்க" என்று நம் ஆய்வாளரிடம் சொன்னான்.

அன்றுமுதல் பட்டப்பகலிலும் இரும்பை நகம் சுரண்டும் ஓசை அவனுக்குக் கேட்கிறது. பித்து என்று எழுதிவிடலாம். ஆனால் ஆய்வாளரும் அதைக் கேட்டதாகச் சொல்கிறார்.

அந்தக் கத்திக்குரிய பொறையனின் மனைவி வடிவி சாலைக்கு வந்தாள்.

"மாசாமாசம் பூசுனியே, ஒரு தடவ தொறந்து பாத்தியா?"

"இல்ல ஆத்தா. மடக்கியேதான் பூசுனேன். என்னயத் தூக்குல போடச் சொல்லு. காது ரெண்டும் அடங்கட்டும்."

"செத்தா உனக்குக் கேக்காது. இருந்து கேளு."

மன்னர் அவள் சொல்லுக்குமேல் தீர்ப்பு எழுதவில்லை.

ஆகவே தாங்கள் செய்யவேண்டியது: நாட்டின் மடக்குக்கத்திகள் யாவும் வெண்காடனிடம் வரட்டும். ஒவ்வொன்றையும் திறந்து, கூர் வெளிப்புறம் நோக்க வைத்து, வெதுவெதுப்பான பூந்திக்கொட்டை நீரில் நார்கொண்டு கீல்வரை தேய்க்கட்டும். தடித்த துணியால் முதுகுப்புறமிருந்து துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, கீலில் ஒரே துளி எண்ணெயிட்டு, மிகுந்ததை ஒற்றி எடுக்கட்டும். புளி சேர்க்கலாகாது, இரும்பை அரிக்கும். பத்து முறை திறந்து மூடிய பின்னரே கத்தி ஓடக்காரன் கைக்குப் போகவேண்டும்.

அவன் காதை அடைத்துக்கொள்ளப் பஞ்சு கேட்டால் கொடுக்கவேண்டாம். தூக்குமரத்தை இன்றே பிரித்துவிடுக.

அரச இலச்சினை இட்டு, அமைச்சர் கைப்பட.