தாடிக்காரனை எடுத்த கதை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? அத்தை, மாமா சுகம்தானே?

அறையில் எல்லோரும் கற்பனைக் கால்பந்து ஆடுகிறோம். நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்போம். அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி. நான் மண்டையை உடைத்து அவர்களை வரிசைப்படுத்தினேன். எங்கள் அறையில் இருக்கும் வெல்டரோ மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் சொன்னாள்:

"அந்தத் தாடிக்காரனை எடுங்க, சிரிச்சா அழகா இருக்கான்!"

அறையே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. வெல்டருக்கு முன்பே என் முறை வந்ததால் தாடிக்காரனை நானே எடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு முழங்காலில் அடி, இந்த சீசனே ஆடமாட்டானாம். வெல்டர் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறான்.

அடுத்த மாதம் ஒருவனை மாற்றலாம். போனில் கேட்க வெட்கம், அதனால் எழுதுகிறேன். உனக்குப் பந்தாட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த முறை நான் போன் போடும்போது நீயாகவே யாரையாவது சொல். எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போடுகிறேன், கொஞ்சம் சத்தமாகச் சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்