மலைக்கு வாங்கிய சாமான்

ஜூன் 3, செவ்வாய்

நெம்மேலியில் காலையிலேயே புழுக்கம். கடற்காற்று இல்லை. சாமான் வாங்கச் செங்கல்பட்டு போய் வந்தேன். ஜவ்வாது மலையில் இவருடைய நண்பர் வீடு, நான்கு நாள். அங்கே ஒரே கடையாம்.

மலைக்குப் போகலாம் என்றது மகள் நிலா. கல்லூரி விடுதியிலிருந்து திரும்பிய பிறகு அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். சாப்பாடு அநேகமாக இல்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். காரணம் அவருக்கும் தெரியவில்லை.

"என்ன வாங்கட்டும்?"

"எதுனா வாங்கும்மா."

வாங்கியது: பாதாம், பேரீச்சை, ஓட்ஸ், சத்துமாவு, வெண்ணெய், மூன்று வகை பிஸ்கட், பத்து வயதில் அவளுக்குப் பிடித்த சேமியா. இப்போதும் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஜூன் 4, புதன்

நாத்தனார் சுமதி குடும்பமும் வருகிறது. மூட்டைகளைப் பார்த்து, "இன்னா அண்ணி, மலைக்குப் போறோமா, கட வெக்கப் போறோமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு அடுப்படியில், குரலைத் தாழ்த்தி: "ரெண்டு நாளு பட்டினி போடு அண்ணி. பசிச்சா தானா துன்னும்."

மூட்டை கட்டப் போய்விட்டேன். பேச ஆரம்பித்தால் கத்திவிடுவேன்.

ஜூன் 6, வெள்ளி. மலை

தூறல். போனில் சிக்னல் இல்லை. நிலா நேற்று அரை டம்ளர் பால். இன்று அதுவும் இல்லை.

மத்தியானம் யாரோ அடுப்படிக் கதவைத் திறந்துபோட, குரங்குகள். "ஐயோ, மொத்தத்தியும் தூக்கினு போவுது!" என்று சுமதி. கூரையெல்லாம் ஓட்ஸ். ஒரு பெரிய குரங்கு மரத்தில் உட்கார்ந்து என் பேரீச்சையை நிதானமாகத் தின்றது.

அழுதேன். எம்.ஏ. படித்தவள், பேரீச்சைக்கு. பேரீச்சைக்கு இல்லை. அவளுக்காகச் செய்துபார்க்க என்று என்னிடம் இருந்ததே அவ்வளவுதான்.

ஜூன் 7, சனி

நிலாவைத் தனியே விடப் பயம். கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருந்தது: அரிசி, புளி, சோப்பு, வாடிய கத்திரிக்காய்.

"வண்டி திங்கக்கெழமதான் வரும்மா" என்றார் கடைக்காரர்.

கைக்கு வந்த கத்திரிக்காயை அள்ளிக் கூடையில் போட்டேன். பார்க்கவே இல்லை.

"அம்மா, இன்னா பண்ற? எல்லாம் சொத்த. காசு குடுத்து யாராவது புழு வாங்குவாங்களா?"

நிலா. கூடையைப் பிடுங்கிக் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினாள்.

"பாப்பா, எனக்கும் நல்லதா ரெண்டு வெச்சிட்டுப் போ" என்றார் கடைக்காரர். அவள் சிரிக்கவில்லை. பொறுக்குவதை நிறுத்தவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால், சுமதி தன் துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். கோவளத்து நெத்திலிக் கருவாடு. "இத்தப் போட்டு வை அண்ணி. கொரங்குக்குத் தெரியாம வெச்சிருந்தேன்."

குழம்பு வைத்தேன். நிலாவுக்குத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். நான் பார்த்தால் தொட மாட்டாள். பிறகு உள்ளேயிருந்து:

"அம்மா, உப்பு ஜாஸ்தி."

நம்பவில்லை. உள்ளே போய் நானும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன்.

ஜாஸ்திதான்.